தண்டல் வீட்டின் எட்டுக் கொம்புப் பெட்டி

தண்டல் தொம்மையின் மனைவி எஸ்கலின், ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கென்று முக்காடு போட்டுக்கொண்டு, ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு, கோவில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரில் செவ்வாய்க்கிழமை நடந்துகொண்டிருந்தது. கோவிலுக்குள் ஓர் ஆளில்லை. உபதேசியார் மட்டும் உட்கார்ந்து மெழுகுவத்தித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "என்ன எஸ்கலினம்மா, பூசை முடிஞ்சு ரெண்டு நாளாச்சே, இப்ப வாரிய?" என்று அவர் கேட்டார். அவள் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி, சனிக்கிழமை காய்ச்சிய பால் திரியாமல் கிடப்பதையும், சனிக்கிழமை மாதா படத்துக்குப் போட்ட மல்லிகை இன்னும் வாசம் மாறாமல் தொங்குவதையும், சுவர்க்கடிகாரம் கொட்டாவி விடுகிறவர்போல முள்ளை நகர்த்துவதையும் பார்த்துவிட்டு, கட்டிலில் சாய்ந்திருந்த கணவனிடம் போய் நின்றாள்.

"இங்கேருங்க. நம்ம வீட்ல நாளு பிந்துது."

"எம்புட்டு?"

"வெளிய மூணு நாளுன்னா உள்ள ஒரு நாளு."

"அப்ப அப்படியே கெடக்கட்டும்" என்றார் தண்டல், திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தூத்துக்குடிக் கடற்கரையில் தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். தொம்மை முப்பத்துநாலு வருசம் உப்பும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர். கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற மூன்று மாதம் மட்டும் தோணியைக் கரையேற்றிவிட்டு வீட்டிலிருப்பார், மற்றபடி கடலில்தான். இப்போது நெஞ்சில் நீர் கோத்து, நாலு தலையணை அடுக்கினால்தான் மூச்சு என்றாகிவிட்டது. டாக்டர் எஸ்கலினைத் தனியே அழைத்து, ஒரு மாதம், கூடினால் நாற்பது நாள் என்று சொல்லியிருந்தார். ஒரே மகள் ரொமில்டா குவைத்தில் நர்ஸ். ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. முன்னால் கிளம்ப வழியே இல்லை என்று கை விரித்துவிட்டார்கள், அவள் அழுதும் பார்த்துவிட்டாள், மேலிடத்தில் மண்டியிட்டும் பார்த்துவிட்டாள்.

"நாலு மாசம் என் கையில இல்ல. வீட்டுக்கு நெட்டு இழு. டிவியில அவளைப் பாத்துப் பேசிக்கிடுதேன்" என்று தண்டல் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், பெட்டியைத் தானே பார்த்து வாங்கவேண்டும் என்று ஆட்டோவில் ஏறிக் கேபிள் தார்சிஸ் கடைக்குப் போனார். அதுதான் அவர் கடைசியாக வெளியே போனது.

தார்சிஸ் அந்தத் தெருவுக்கே கேபிளும் நெட்டும் கொடுக்கிறவன், தண்டலை மாமா என்று கூப்பிடுகிறவன். மேசைமேல் இரண்டு ரவுட்டர்களை எடுத்து வைத்தான். ஒன்று சோப்புப்பெட்டி அளவில், இரண்டு கொம்பு வைத்தது. இன்னொன்று ஏதோ பெரிய ஹோட்டலுக்கென்று வரவழைத்து அவர்கள் வாங்காமல் விட்டுப்போனது, கறுகறுவென்று, எட்டுக் கொம்பு விரித்துக்கொண்டு, தட்டில் வைத்த நண்டுபோல உட்கார்ந்திருந்தது.

"மாமா, ஒங்க தெருவுக்கு லைன் இருவது எம்பிதான் வருது. இந்தப் பெரிய பெட்டி ஆயிரம் கேக்கும். ஒங்களுக்குச் சின்னதே தாராளம்."

"எலே தார்சிஸ், பாய் பெருசா இருந்தா வேண்டாத காத்தைக் கழிச்சு விடலாம். சிறுசா இருந்தா இல்லாத காத்தை எங்க போய் வாங்குவே?"

கடையில் நின்ற நாலு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கடற்கரையில் எந்தப் பேச்சுக்கும் பாய்மரத்தை இழுத்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. இப்படித் தலையாட்டியே நம் ஆட்கள் எத்தனை தோணிகளைக் கவிழ்த்திருக்கிறார்கள் என்று எழுதினால் அது பெரிய புத்தகமாகிவிடும். எட்டுக் கொம்புப் பெட்டி சனிக்கிழமை காலை தண்டல் வீட்டுக்கு வந்தது.

தார்சிஸ் அதைக் கட்டிலுக்கு எதிரே டிவி மேசைமேல் வைத்து, ஒயரைச் சொருகி, டிவியின் தலையில் ஒரு சின்னக் கேமராவைப் பொருத்தி, குவைத்துக்கு அழைப்பைப் போட்டான். ரொமில்டாவின் முகம் திரை நிறைய வந்தது. நெற்றியில் கலைந்த முடி, கழுத்தில் மெல்லிய சங்கிலி, பின்னால் ஒரு பச்சைத் திரைச்சீலை. அப்பாவைப் பார்த்துக் கண்ணை அகல விரித்து, "அப்..." என்று வாயெடுத்தாள். அப்படியே நின்றுபோனாள். தார்சிஸ் ஒயரை ஆட்டினான், கொம்புகளைத் திருப்பினான், பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினான். முகம் அசையவில்லை. டிவியை அணைத்துப் போடலாம் என்று கையை நீட்டியபோது, அணைத்தால் மகள் போய்விடுவாள் என்று தண்டல் ரிமோட்டைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அரைமணி நேர வேலை முடித்து வெளியே வந்த தார்சிஸ், தெருவில் ஒன்றரை மணி நேரம் ஓடிப்போயிருப்பதைக் கண்டு, கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே கடைக்கு நடந்தான்.

ஒரு வாரத்துக்குள் காரணத்தை அவனே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான். "லைன் இருவது குடுக்குது, பெட்டி ஆயிரம் கேக்குது. மிச்சத்துக்கு அது எங்கதான் போவும்? வீட்ல கெடக்கிற வேகத்தை எடுத்துத் திங்குது. செல்போன் சிக்னலையும் சேத்துத்தான் திங்குது." தெரு இதைக் கேட்டு, கரண்ட் போனதற்கு டிரான்ஸ்பார்மர்தான் காரணம் என்று சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படி ஏற்றுக்கொண்டது. அதற்குமேல் யாரும் காரணத்தை நோண்டவில்லை, ஏனென்றால் அதற்குள் அவரவர்க்கு அந்த வீட்டில் அவரவர் காரியம் வந்துவிட்டது.

முதலில் வந்தவள் மீன்காரி மிக்கேலம்மா. விற்காமல் மீந்த சீலாவை ஒரு கூடையில் கொண்டுவந்து, "ஒரு ஓரமா இருக்கட்டும் மதினி" என்று அடுக்களை மூலையில் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் வந்து செவுளைத் தூக்கிப் பார்த்தால் நேற்றுப் பிடித்த சிவப்பு. மறுநாளே எட்டுக் கூடை வந்தது. பிறகு பூக்காரிகள் வந்தார்கள், தோசைமாவு புளித்துவிடும் என்று பயந்தவர்கள் தூக்குச்சட்டியோடு வந்தார்கள், கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாலேயே கேக் செய்துவிட்ட ஒரு அவசரக்கார அம்மா அட்டைப்பெட்டியோடு வந்தாள். அதன்பின் பொருள்கள் போய் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காத்திருக்கிறவர்களுக்கு அதைப்போல ஒரு வீடு உலகத்தில் இல்லை. விசா வரவேண்டியவர்கள், பரீட்சை முடிவு வரவேண்டியவர்கள், கப்பலுக்குப் போன புருசன் வரவேண்டியவர்கள், எல்லாரும் தண்டல் வீட்டு முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு எழுந்தால் வெளியே மூன்று மணி நேரம் கழிந்திருக்கும். பரீட்சைக்குப் படிக்க அமைதியான இடம் என்று நினைத்து வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் மட்டும், ஆற அமரப் படித்து முடித்து வெளியே வந்தபோது பரீட்சை முடிந்து, வினாத்தாளில் கடைக்காரன் கடலை மடித்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். அவர்கள் எஸ்கலினோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

வாசலில் நின்று பார்த்தால் உள்ளே இருக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறதுபோலத் தெரியும். உள்ளே இருக்கிறவர்களுக்கோ தெருவின் ஆட்டோக்கள் கொசுவாக ரீங்காரமிட்டுப் போகும், கோவில் மணி சில்லறையைக் கொட்டினாற்போல ஒரே வீச்சில் அடித்து ஓயும். வெளியே நின்று கூப்பிட்டால் உள்ளே கீச்சென்று கேட்கும், உள்ளிருந்து பதில் சொன்னால் வெளியே மாடு கத்துவதுபோல இழுபடும். ஆகையால் எதுவானாலும் படியேறி உள்ளே வந்து பேசுவது என்று வழக்கமாகிவிட்டது.

தவக்காலம் பிறந்தபோதுதான் கொஞ்சம் தகராறு வந்தது. நாற்பது நாளும் மீனும் கறியும் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்ட பத்துப் பதினைந்து ஆண்பிள்ளைகள், சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு நேரே தண்டல் வீட்டுக்கு வந்து, தலையணையோடு படுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பங்குச்சாமி மைக்கைத் தட்டிவிட்டு, "நம் ஆண்டவர் வனாந்தரத்தில் நாற்பது நாளையும் நாற்பது நாளாகவே கழித்தார். தண்டல் வீட்டில் பதின்மூன்று நாளில் முடிக்கிற தவம் இந்தப் பங்கில் செல்லாது" என்று அறிவித்தார். ஆண்பிள்ளைகள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதே பங்குச்சாமி மறுநாள் நற்கருணை அப்பத்தோடு தண்டலுக்கு நன்மை கொடுக்க வந்தவர், ஜெபம் முடிந்தபிறகும் எழுந்திருக்காமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ரொமில்டாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் வந்தாலும் கடைசியில் அந்த முகத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்தார்கள். அது 'அப்' என்று உதடு மூடிய இடத்தில் நின்றுகொண்டிருந்தது, அடுத்து என்ன வரப்போகிறது என்று ஊரே யோசித்தது. அப்பா என்பது நிச்சயம், அதற்கு அடுத்து? கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல வந்திருக்கிறாள் என்றாள் மிக்கேலம்மா. லீவு கிடைத்துவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறாள், கண் விரிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றான் விசாவுக்குக் காத்திருந்த ஒருவன். பங்குச்சாமி, அது மன்னிப்புக் கேட்கிற முகம் என்றார். எஸ்கலின் தெருமுனைக்குப் போய் செல்போனில் மகளிடமே கேட்டுப் பார்த்தாள். "யாருக்கும்மா ஞாபகம் இருக்கு? அன்னைக்கு ரெட்டை டூட்டி முடிச்சிட்டு வந்து உக்காந்தேன். ஏதோ சொல்ல வந்தேன். என் பக்கம் லைன் கட்டாயிட்டு" என்றாள் ரொமில்டா. பிறகு சத்தத்தைத் தணித்து, "அம்மா, அந்தப் பெட்டியைக் கழத்திராதீங்க. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். உள்ள நாப்பது நாள்தான் ஓடும். அதுக்குள்ள நான் வந்துருவேன். அப்பாவை நான் பாக்கணும்" என்றாள்.

எஸ்கலினும் அதைத்தான் நினைத்திருந்தாள். மகள் வரும்வரைக்கும் மனுசனை நிறுத்தி வைப்பது. ஆனால் மகளுக்காக மட்டுமா என்று அவள் மனசே அவளைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்லவேண்டும். முப்பத்துநாலு வருசத்தில் அவளுக்குக் கிடைத்த புருசன் வருசத்துக்கு மூன்று மாதம். மற்ற மாதங்களில் கட்டிலின் அந்தப் பக்கத்தில் துவைத்த துணியைத்தான் போட்டு வைத்திருந்தாள். இப்போது ஒரு மத்தியானம் என்பது வெளிக்கணக்கில் மூன்று மத்தியான நீளத்துக்குக் கிடந்தது. அவர் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே இருப்பாள், கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருப்பாள், அது ஆறாமலே இருக்கும், அதுவும் நல்லதாகவே இருக்கும். ஜன்னல் வெயில் தரையில் ஒரே இடத்தில் கிடந்து அவளுக்குப் பழகிப்போனது. அந்த வருசம் அவளுக்கு நரைக்கவேண்டிய முடிகூட நரைக்கவில்லை என்று தெருவில் பேச்சு. இப்படி ஒரு சந்தோசம், சாகப்போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அனுபவிக்கலாமா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டே அனுபவித்தாள்.

தண்டலுக்குத்தான் அது ஒத்துவரவில்லை. வெளியே இரண்டு மாதமும் உள்ளே இருபது நாளும் ஆனபோது, ஒரு நாள் முன்னறை ஆட்களெல்லாம் போனபிறகு, எஸ்கலின் தெருமுனையில் மகளோடு பேசிவிட்டு வந்து, மகள் சொன்னதை ஒப்பித்தாள். புதுசாக ஒரு மலையாளத்துப் பெண் அறைத் தோழியாக வந்திருப்பது, அங்கே மணல்காற்று அடித்தது, பசியில்லை என்று சொன்னது, எல்லாவற்றையும். அவர் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏட்டி எஸ்கலின். நீ சொல்லுததெல்லாம் அவ சொன்னதுதான். ஆனா அவ பேச்சு இல்ல."

"வேற எப்படிச் சொல்லணும்ங்கிய?"

"ஒருக்கா மாலத்தீவுக்குத் தெக்க காத்து விழுந்துபோச்சு. மெஷின் வைக்காத காலம். கடல் எண்ணெய் மாதிரிக் கெடந்துச்சு. இருக்கிறதுலேயே பெரிய பாயை ஏத்திப் பாத்தேன், அது சீலை மாதிரித் தொங்குச்சு. ஒம்பது நாளு. அரிசி இருந்துச்சு, தண்ணி இருந்துச்சு, ஒருத்தனும் சாகல. ஆனா ஒருத்தனும் போய்ச் சேரவும் இல்ல. ஒம்பதாம் நாளு என் ஆளு ஒருத்தன், புயலாவது வரட்டுமேன்னு மண்டி போட்டு அழுதான்." மூச்சு வாங்க நிறுத்தினார். "நான் இப்ப அப்படித்தான் கெடக்கேன். பெட்டி எடுத்தது என் தப்புதான், ஒத்துக்கிடுதேன். அதைக் கழத்திரு. சரியான பெட்டியா போடு. நான் பிள்ளைகூடப் பேசணும்."

"கழத்திட்டா அவ வாரதுவரைக்கும் இருக்கமாட்டியளே" என்று எஸ்கலின் வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்னபிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தெரியும்டி. இருந்து என்ன, அவ வந்து பாக்கும்போது என் வாயில பேச்சு இருக்குமா? இப்ப இருக்கு."

எஸ்கலின் எழுந்து அடுக்களைக்குப் போய் மிக்கேலம்மாவின் மீன்கூடைகளுக்கு நடுவில் நின்று அழுதாள். அவளுக்குக் கோபமாக வந்தது. வாழ்நாள் முழுக்கப் போகிறேன் போகிறேன் என்று கிளம்பினவர், கடைசியில் ஒரே ஒரு தடவை நின்று கிடக்கிறார், அதையும் பொறுக்காமல் கிளம்புகிறேன் என்கிறாரே. அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தார்சிஸ் கடைக்குப் போனாள்.

"தார்சிஸு, இந்தத் தடவை நான் கேக்குதேன், நீ புரியும்படியாச் சொல்லு. லைன் எவ்வளவு குடுக்குது, பெட்டி எவ்வளவு கேக்குது?"

தார்சிஸ் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, துறைமுகத்தை வைத்தே விளக்கினான். "அத்தை, மோடம்ங்கிறது துறைமுக வாசல். கப்பல்ல வந்த சரக்கு அது வழியாத்தான் ஊருக்குள்ள வரணும். ரவுட்டருங்கிறது வாசல்ல நின்னு இது ஒன் வீட்டுக்கு, இது அவன் வீட்டுக்குன்னு பிரிச்சு ஏத்திவிடுத ஆளு. வார சரக்கு இருவது மூடை. அதுக்கு ஒரு ஆளு போதும். மாமா ஆயிரம் பேரைக் கொண்டாந்து நிறுத்திட்டாவ. அவனுவளுக்கு வேலை இல்ல, பசி மட்டும் இருக்கு."

"சரக்கைக் கூட்ட முடியாதா? லைனையே ஆயிரமாக்கினா?"

"நம்ம தெருவுக்குப் புது ஒயர் ஆகஸ்ட்டுல பனிமயமாதா திருவிழாவுக்கு அப்புறம்தான் வரும். அதுவரைக்கும் இருவதுக்குமேல தாங்காது."

"அப்ப ஆளைக் குறைக்கணும்." எஸ்கலின் சின்னப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எங்க வீடு ரெண்டு ரூமு, ஒரு அடுக்களை. பழைய சுண்ணாம்புச் சுவரு, முழத்தளவு கனம். கட்டிலும் டிவியும் உள்ரூம்ல கெடக்கு. இது அங்க வரைக்கும் எட்டுமா?"

தார்சிஸ் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். இத்தனை வருசத்தில் எத்தனை கொம்பு என்று கேட்டவர்கள் உண்டு, என்ன கலர் என்று கேட்டவர்களும் உண்டு, சுவர் எவ்வளவு கனம் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. "முன்ரூம்ல வச்சா எட்டாது. கட்டில் ரூம் நிலைமேல ஒரு பலகை அடிச்சு வைப்போம். எட்டும்" என்றான்.

செய்தி அவளுக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு கூட்டம் நின்றது. விசாக்காரன், பூக்காரிகள், கேக்குக்கார அம்மா, எல்லாருக்கும் முன்னால் மிக்கேலம்மா.

"மதினி, ஊருக்கே ஒபகாரமா இருக்கிறதைக் கழத்தலாமா? ஐஸ் கம்பெனிக்காரன் வாசல்ல போய் நாங்க மறுபடி நிக்கணுமா?"

"மருந்தால ஆகாதது பெட்டியால ஆகியிருக்கு. சும்மா கெடக்கிறவரைப் போ போன்னு தள்ளுதியளே" என்றாள் கேக்குக்கார அம்மா.

எஸ்கலின் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவள் சொல்லவேண்டியதைத்தான் அவர்கள் சொன்னார்கள். ஒரு நிமிசம், சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

"அவிய பிள்ளைகூடப் பேசணும்ங்காவ" என்றாள்.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. மிக்கேலம்மாவின் மூத்த மகன் மும்பையில் ஏதோ கப்பலில் வேலை என்று போய் ஆறு வருசம், ஒரு போன் கிடையாது. அவள் சேலை முனையைச் சுருட்டினாள், விட்டாள், மறுபடி சுருட்டினாள். பிறகு யாரையும் பார்க்காமல் படியேறி உள்ளே போய், தன் எட்டுக் கூடையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே வைத்தாள். அவள் வைத்தபிறகு மற்றவர்கள் தங்கள் தூக்குச்சட்டியை எடுக்காமல் இருக்கமுடியுமா? ஒரு மணி நேரத்தில் வீடு காலியாயிற்று.

தார்சிஸ் மறுநாள் சாயங்காலம் வந்து நிலைமேல் பலகை அடித்தான். சின்னப் பெட்டியை வைத்து, விளக்கு ஒவ்வொன்றாகப் பச்சையாவதைப் பார்த்துவிட்டு, பெரிய பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். எட்டுக் கொம்பும் ஒரு தடவை நடுங்கி அடங்கின. சுவர்க்கடிகாரம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. மாதா படத்து மல்லிகை அப்படியே பழுத்து உதிர்ந்தது. அந்த நேரத்தில், இரண்டு மாதமாக மூடியிருந்த உதடு திறந்து, ரொமில்டா தான் விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள்:

"...பா, சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க!"

சொல்லிவிட்டு முகம் மறைந்தது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தெருவுக்கே முகம் தொங்கிப்போயிற்று. "இதுக்கா ரெண்டு மாசம்?" என்றான் விசாக்காரன். தண்டல் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். அன்றைய சட்டை சரியாகத்தான் இருந்தது, அந்தச் சட்டையை எஸ்கலின் என்றைக்கோ துவைத்து மடித்துவிட்டாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, கண்ணில் நீர் வந்து, மறுபடியும் சிரித்தார். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது. அதே பச்சைத் திரைச்சீலை, அதற்கு முன்னால் இன்றைய ரொமில்டா, கொஞ்சம் மெலிந்து, மூக்கு சிவந்து, அம்மாமேல் கோபத்தோடு.

"கழத்தாதீங்கன்னு சொன்னேனே" என்று ஆரம்பித்தவள், அப்பாவின் சிரிப்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "என்னப்பா சிரிக்கிறீங்க?"

"கேக்குதாடி ஒனக்கு?"

"கேக்குதுப்பா. நல்லாக் கேக்குது."

"எனக்கும் கேக்குதுடி" என்றார் தண்டல். "சாப்பிட்டியா?"

அதன்பிறகு பத்தொன்பது நாள் அவர்கள் பேசினார்கள். டூட்டி முடிந்து அவள் அறைக்கு வந்ததும் செல்போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைப்பாள், இங்கே டிவி ஒளிரும். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவர் கடலைப் பற்றிச் சொன்னார், அவள் தன் வார்டில் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிற ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னாள். அவள் சமைப்பதை அவர் பார்த்து, குழம்புக்கு இன்னும் புளி வேண்டும் என்று தூத்துக்குடியிலிருந்து உத்தரவு போட்டார். சில நாள் இரண்டுபேரும் சும்மா இருப்பார்கள், அவள் நகம் வெட்டிக்கொண்டிருப்பாள், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நாட்கள் இப்போது நாளளவுக்கே ஓடின. ஒவ்வொரு நாளும் அவர் குரலிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு போயிற்று. எஸ்கலின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தாள். தனக்கு மட்டும் என்று வைத்திருந்த நீண்ட மத்தியானங்கள் போனதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை, ஒரு நாள் அவரிடமே சொன்னாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் ரொமில்டாவுக்கு ஓய்வு நாள். பகலிலேயே கூப்பிட்டுவிட்டாள். தலைக்குக் குளித்து, துண்டு சுற்றிக்கொண்டு, அந்த வார்டுக் கிழவர் கடைசியில் கட்டிலை விட்டு இறங்கி நடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்டல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், உதட்டில் சிரிப்பு இருந்தது. எஸ்கலின் கதையைக் கேட்டுக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள்தான் பார்த்தாள். படம் அவ்வளவு தெளிவாக இருந்தது, அப்பாவின் மூச்சு இரண்டுக்கு ஒன்றாகி, நாலுக்கு ஒன்றாவதைக் கழுத்துக் குழியில் அவளால் எண்ணமுடிந்தது. கதையை நிறுத்தாமல், குரலை மாற்றாமல், நடுவில் ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னாள்.

"அம்மா, அப்பா கையைப் பிடிச்சுக்கங்க."

எஸ்கலின் திரும்பிப் பார்த்தாள், பிடித்துக்கொண்டாள். ரொமில்டா விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள். கிழவர் முதல் அடி எடுத்து வைத்தார், இரண்டாவது அடி வைத்தார், வார்டே கை தட்டியது, அவர் கதவுவரைக்கும் போய்விட்டார், கதவைத் திறந்துவிட்டார், அப்பா, வெளியே நல்ல வெயில், அப்பா, அவர் போய்விட்டார். அதோடு கதை முடிந்தது. அறையில் கடிகாரச் சத்தம் மட்டும் இருந்தது.

ரொமில்டா துண்டை அவிழ்த்து மடியில் வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நாங்க நேரத்தைச் சத்தமாச் சொல்லணும்மா. யாரு போனாலும், பக்கத்துல இருந்த நர்ஸ்தான் சொல்லணும். அதான் எங்க முறை." அவள் திரும்பித் தன் சுவரைப் பார்த்தாள். "இங்க மூணு நாப்பது."

எஸ்கலின் தன் சுவரைப் பார்த்தாள். "இங்க ஆறு பத்து, மக்கா."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றாள் ரொமில்டா. கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

எஸ்கலின் ஒரு கையால் புருசன் கையைப் பிடித்தபடி, எழுந்திருக்காமல், திரையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கையை எடு மக்கா. அழு. எங்களுக்கு நல்லாக் கேக்குது."